வானத்திலே வட்டமிடுவது எது?

‘கழுகு’ என்னும் ஒரு சொல்லினாலே நம்மவர் எத்தனை பறவைகளைக் குறிக்கின்றனர் என்று எண்ணிப் பார்ப்பின் வியப்பே உண்டாகும். உயர வட்டமிடுவதெல்லாம் கழுகு. கோழிக்குஞ்சைக் கவர்வதெல்லாம் பிராந்து. பிணந்தின்னும் பறவைக்கும் கழுகென்பதே பெயர். திருக்கழுக்குன்றத்திலே பண்டாரத்தின் கையால் உணவுண்ண நாடோறும் வந்த அவ்விரு பறவைகளும் மஞ்சள் முகமும் வெண்சிறகும் உடைய பிணந்தின்னி இனத்தவையே. அவை அங்கு வருவது நின்று பல ஆண்டுகள் ஆயின. இலங்கையிலோ நிலையாய் வாழும் பிணந்தின்னிக் கழுகு ஓரினமும் இல்லை. ஆகவே வன்னியிலோ மன்னாரிலோ ஒருவர் கழுகு கண்டேன் என்பாராயின், அவர் கண்டது வேட்டையாடி உண்ணும் பறவை என்பது மட்டும் திண்ணம். அவற்றுள் எது என்பதுதான் வினா.

இவ்வினா வெறும் பொழுதுபோக்கன்று. முல்லைத்தீவுப் பகுதியிலே குளமொன்றன் அயலில் வாழும் அன்பர் ஒருவர் நமக்குக் கடிதம் விடுத்துள்ளார். அவர் வளவுக்கு அப்பால் நிற்கும் பாலைமரத்திலே கழுகொன்று வந்து தங்குகின்றதாம். அயல்வீட்டாரின் குஞ்சுகள் மூன்று காணாமற் போயினவாம். அவர்கள் இடியன் துவக்கோடு காத்திருக்கின்றனராம். சுடலாமா, விடலாமா என்று கேட்கின்றார். நல்ல வேளையாக, அடையாளங்களையும் எழுதியிருக்கின்றார். முகத்திலே மஞ்சள், மயிரற்ற மஞ்சட் கால்கள், பிடரியிலே அடர்ந்த குறுங்குடுமி, பறக்கும்போது சிறகின் பின்னோரம் கருமையாய், அதனை அடுத்து அகன்ற வெண்பட்டை, கரிய வாலின் நடுவிலும் ஒரு வெண்பட்டை, வெயில் ஏறியபின் உயர எழுந்து, சீழ்க்கை அடித்தாற்போல விட்டுவிட்டு எழுப்பும் குரல். இவையனைத்தும் ஒருங்கே பொருந்துவது குடுமிப் பாம்புக்கழுகு ஒன்றுக்கே.

பெயருக்கேற்ப அதன் முதன்மையான இரை பாம்பு. ஓணான், தவளை, எலி என்பனவும் அதற்கு ஆகும். காலிலே இறகு இல்லாது தடித்த செதில்கள் மூடியிருத்தல் பாம்பின் கடிக்கு ஓரளவு கவசம். விரல்கள் குறுகி உறுதியாய் இருத்தல் வழுக்கும் உடலைப் பற்றுதற்கு வாய்ப்பு. வயலோரத்திலே எலியையும் பாம்பையும் தேடித் தின்னும் பறவையைத் துவக்கோடு எதிர்கொள்வது எத்தகைய நன்றி என்பதை அயல்வீட்டாரே சொல்லட்டும். இன்னொன்று: இப்பறவை பெரும்பாலும் ஒரு கூட்டில் ஒரு முட்டையே இடும். கோழிக்குப் பத்துக் குஞ்சு பொரித்துப் பழகிய கண்ணுக்கு இது எளிதிலே விளங்குவதில்லை. ஒரு கழுகைச் சுட்டால் அவ்விடம் நிரம்ப ஆண்டுகள் செல்லும். 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அது குற்றமுமாகும்.

எனினும் குஞ்சு இழந்தவர் பக்கத்தையும் நாம் மறக்கவில்லை. முட்டை விற்று வீட்டுச்செலவின் ஒரு பகுதியைத் தேடும் குடும்பத்துக்கு மூன்று குஞ்சு சிறிதன்று. கள்வர் யாரெனின், பட்டியல் நீளும்: காகம், வைரி, பருந்து, கீரி, மரநாய். பகலிலே குஞ்சுகளைக் கரப்பின் கீழ் விடுதலும், பழைய மீன்வலையை மேலே விரித்துக் கட்டுதலும், இரவிலே கூட்டைச் செவ்வையாய் அடைத்தலும் துவக்கைவிடப் பயன் தரும். துவக்குக் கீரியைப் பார்ப்பதேயில்லை.

உண்மையிலே கோழியைத் தூக்கவல்ல கழுகும் நம்மிடம் உண்டு. அது நெடுங்குடுமிக் கழுகு. மரக்கொம்பிலே நிமிர்ந்து நிற்கும் மெலிந்த உருவம். தலையிலே மயிற்கொண்டை போலத் தனித்து நிமிரும் நீண்ட குடுமி. விரல்வரை இறகு மூடிய கால். காட்டுக்கோழியையும் முயலையும் அடிக்கும் இப்பறவை, காட்டோர வளவிலே வீட்டுக்கோழியையும் சிலபோது அடிப்பதுண்டு. இதையும் பாம்புக்கழுகையும் பிரித்தறிதற்குக் காலைப் பார்த்தலே போதும். காலில் இறகு இல்லையேல் குற்றப்பத்திரத்தினின்று பெயரை நீக்கிவிடலாம். நெடுங்குடுமியும் ஒரு முட்டை இடும் பறவையே. அதற்கும் மருந்து வலையும் கரப்புமே என்பது நம் கருத்து.

இனி, பறக்கும் பறவையை எவ்வாறு அறிவது? நிறத்தை முதலிலே நம்பவேண்டா. வெயிலுக்கு எதிரே எல்லாம் கருமை. இளம்பறவையோ தாய்தந்தையரின் நிறத்தைப் பெற ஆண்டுகள் செல்லும். பருமனைக் காகத்தோடு ஒப்பிடுக. காகம் கழுகைத் துரத்தாத நாளே இல்லையாதலின் அளவுகோல் எப்போதும் அருகிலேயே இருக்கும். பின்பு வாலைப் பார்க்க. செம்பருந்து, அதாவது கண்டவுடன் நம்மவர் கைகூப்பும் கருடன், வெண்டலையும் செம்மேனியும் உடையது. அதன் இளம்பறவை கபிலநிறமாய்க் கரும்பருந்தை ஒத்திருக்கும். ஆனால் கருடனின் வால்நுனி வளைந்து உருண்டது. கரும்பருந்தின் வால் நடுவிலே பிளவுபட்டது. யாழ்ப்பாணத்துக் கரையோரத்தில் இரண்டையும் ஒருங்கே காணலாம்.

வாலின் பயனை இதனினும் தெளிவாய்க் காட்டுவன நீர்நிலையை நாடும் இரு பெருங்கழுகுகள். களப்பின்மேல் சிறகைச் சற்றே உயர்த்தி மிதக்கும் கடற்கழுகை நம்மவர் கடலாலா என்பர். ‘ஆலாய்ப் பறக்கிறான்’ என்னும் வழக்கை இதனோடு இணைத்துச் சொல்வாரும் உளர். ஆனால் இவ்வளவு அமைதியாய்ப் பறக்கும் பறவைக்கு அவ்வசை பொருந்தாது. சிறகு விரித்தால் ஏறத்தாழ 2 மீற்றர்; மீனும் கடற்பாம்பும் இரை; உயர்ந்த மரத்திலே கட்டிய கூட்டை ஆண்டுதோறும் புதுப்பித்து வாழும். ஆதலாலே கூடிருந்த மரத்தைத் தறிப்பது பல ஆண்டு உழைப்பைத் தறிப்பதாகும். மற்றையது உலர்வலயக் குளங்களின் அலைகரையிலே பட்டமரத்தில் மணிக்கணக்காய் அமர்ந்திருக்கும் நரைத்தலை மீன்கழுகு. இப்போது அரிதாகி வருவது. கடற்கழுகின் வால் அடி கறுப்பு, நுனி வெள்ளை. மீன்கழுகின் வால் அடி வெள்ளை, நுனி கறுப்பு. இதனை மனத்திற் பதித்துக்கொண்டால் மயக்கமில்லை.

பார்ப்பதற்கு ஏற்ற நேரம் காலை ஒன்பது மணிக்குமேல். நிலம் சூடேறி, வெப்பக்காற்று எழும்போதுதான் கழுகு சிறகடியாது மேலேறும். விடியலிலே தேடுவோர் மரக்கொம்புகளையே நோக்க வேண்டும். ஆங்கிலம் அறிந்த மாணவர்க்கு ஹென்றி என்பார் 1955 இல் வெளியிட்ட இலங்கைப் பறவை நூல் இன்றும் நல்ல துணை. படங்களும் அவர் வரைந்தவையே. தொலைநோக்கி இல்லாதார் வருந்த வேண்டா. குளக்கட்டிலே ஓரிடத்தில் அசையாது இருக்கும் பொறுமை இருந்தால் பாதி வேலை முடிந்தது.

ஐப்பசி தொடக்கம் வடக்கேயிருந்து வரும் விருந்தாளிகளும் சேர்வர். களப்பின்மேல் ஒரு கணம் சிறகடித்து நின்று, கால் முன்னே நீட்டித் தொப்பென நீரில் வீழும் பறவையைக் கண்டால் அது விரால் அடிப்பான். கண்ணோரத்துக் கரும்பட்டை சான்று. கண்டதை நமக்கு எழுதும் அன்பர்கள் இடம், நேரம், குரல் ஆகியவற்றோடு வாலைப் பற்றியும் மறவாது எழுதுவார்களாக.