கிழங்கும் கொழுந்தும்

சென்ற வாரம் கந்தப்பளைக் கடைவீதியிலே மரக்கறி வாங்கச் சென்றிருந்தோம். கடைவாசலில் இரண்டு குவியல் உருளைக்கிழங்கு. ஒன்று செம்மண் ஒட்டிய நம்மூர்க் கிழங்கு. மற்றது கப்பலேறி வந்தது, விலை குறைந்தது. எமக்கு முன்னே நின்ற தோட்டத்துப் பெண்மணி ஒருவர், "முதலாளி, வெளிநாட்டுக் கிழங்குலயே ஒரு கிலோ போடுங்க. எங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா சத்தம் போடுவாரு" என்று சிரித்தார். விசாரித்தோம். அவர் கொழுந்து பறிப்பவராம். கணவரோ லயத்தருகே துண்டு நிலத்தில் கிழங்கு பயிரிடுபவராம். மலிவுக் கிழங்கினால் ஒரே வீட்டில் ஒருவருக்கு ஆதாயம், மற்றவருக்கு நட்டம்!

இப்புதிரைப் பற்றி 1817ஆம் ஆண்டிலேயே டேவிட் ரிக்கார்டோ என்னும் அறிஞர் எழுதினார். குறித்த அளவு துணி நெய்ய இங்கிலாந்தில் 100 பேரும் போர்த்துக்கலில் 90 பேரும் ஓராண்டு உழைக்க வேண்டும். குறித்த அளவு திராட்சை மதுவுக்கு முறையே 120 பேரும் 80 பேரும் வேண்டும் என்று கணக்கிட்டுக் காட்டினார். இரண்டிலும் போர்த்துக்கலே கெட்டி. ஆயினும் அது மதுவில் முனைந்து, துணியை இங்கிலாந்திடம் வாங்கினால் இருவருக்கும் உழைப்பு மிச்சமாகும். நம் இல்லங்களிலும் சமையல், தையல் இரண்டிலும் வல்ல மூத்த மருமகள் அடுப்படியைக் கவனிக்க, இளையவள் தையலைப் பார்ப்பதில்லையா? இதனையே ஒப்பீட்டு நன்மை என்பர்.

நமது மலைகள் இக்கொள்கைக்குச் சான்று. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பிப் பயிரை அழித்தது. 1867இலேயே லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கியிருந்த தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. தேயிலையை விற்று அரிசியும் மாவும் துணியும் வாங்கினோம். நாடு ஆதாயம் பெற்றது மெய். அந்த ஆதாயத்தைக் கூடையில் சுமந்தவர்களுக்கோ, 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் உரிமையையே மறுத்தது.

கதவை அடைத்துவிட்டால் எல்லோரும் வாழ்வார்களா? அதனையும் கண்டோம். 1970 முதல் 1977 வரை இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. யாழ்ப்பாணத்து மிளகாய், வெங்காயச் செய்கையாளர் தலைநிமிர்ந்தனர். மலைநாட்டுக் கிழங்குக்கும் நல்ல விலை கிடைத்தது. அதே காலத்தில், 1973, 1974ஆம் ஆண்டுகளில், பங்கீட்டு அரிசியும் மாவும் குறையத் தோட்டங்களில் பட்டினி புகுந்தது, மரணங்கள் பெருகின. 1977இல் கதவு திறந்தது. இம்முறை யாழ்ப்பாணத்து விவசாயி தளர்ந்தார். 1996இல் உருளைக்கிழங்கு இறக்குமதிக்கான அனுமதிப்பத்திர முறையும் நீங்கியது. நுவரெலியா, வெலிமடைச் செய்கையாளர் அடிபட்டனர்.

ஆகவே, கதவு திறந்தாலும் அடைத்தாலும் யாரோ ஒருவர் வெல்கிறார், யாரோ ஒருவர் தோற்கிறார். திறந்த கதவால் வரும் மொத்த ஆதாயம் நட்டத்தினும் பெரிது. வென்றவர் தோற்றவருக்கு ஈடுசெய்தும் மிச்சமிருக்கும் என்பர் பொருளியலார். கணக்கு சரியே. ஆனால் ஈடுசெய்ய இயலும் என்பது வேறு, ஈடுசெய்தார்கள் என்பது வேறு. இறக்குமதிக் கிழங்கின்மேல் அரசு வரி அறவிடுகிறது. அவ்வரியில் ஒரு பகுதியேனும் நல்ல விதைக்கிழங்காகவும், அறுவடையைக் காக்கும் களஞ்சியமாகவும், வேறு தொழில் பழகும் வாய்ப்பாகவும் செய்கையாளரிடம் திரும்பினாலன்றோ அது நியாயம்?

அந்தப் பெண்மணியின் வீட்டில் ஆதாயமும் நட்டமும் ஒரே உலையில் விழுகின்றன. கணவர் சத்தம் போட்டாலும், இரவில் இருவரும் பகிர்ந்தே உண்பர். நாடும் ஒரு குடும்பம் என்று மேடைதோறும் கேட்கிறோம். குடும்பமென்றால், தோற்ற பிள்ளைக்கும் ஓர் இலை போட வேண்டாமா?