உளி நமக்குப் பாரமா?

தையல் வகுப்பில் ஊசி பிடிக்கும் நம் விரல்கள் சிற்றுளி பிடிக்கலாகாதா? தஞ்சாவூர்க் கலைத்தட்டைப் பாருங்கள். இரண்டாம் சரபோஜி மன்னர் (1798–1832) காலத்தில் தோன்றியதாகச் சொல்லப்படும் கலை அது. மெல்லிய வெள்ளித் தகட்டை அச்சில் வைத்துத் தட்டி உருவம் எழுப்புவர். பின்புறக் குழிவில் அரக்கு நிரப்புவர். அந்த அரக்கு தாங்கி நிற்க, முன்புறம் உளியால் தட்டிக் கண்ணையும் நகையையும் தெளிவாக்குவர். பின்னர் பித்தளைத் தட்டில் பதிப்பர்.

இதற்கு வேண்டியது புயவலிமையன்று; பொறுமையும் கண்ணளவுமே. ஆயினும் இத்தொழில் பெரும்பாலும் தந்தையிடமிருந்து மகனுக்கே சென்றது. மகன் வேறு வேலைக்குப் போய்விட்டால் கலை என்னாவது?

ஜவ்வாது மலைப் பெண்களாகிய நாம் பழக வெள்ளி வேண்டாம்; மெல்லிய செப்புத் தகடு போதும். கைத்தொழில் வகுப்பில் வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கலாமே! அருட்சகோதரியரும் பெற்றோரும் சிந்திப்பார்களாக.