நடக்கும் உரிமை நமக்கும் உண்டு

1932 ஏப்ரல் 24 அன்று, சீமான்களின் வேட்டைக்காக அடைக்கப்பட்டிருந்த இங்கிலாந்தின் கிண்டர் ஸ்கவுட் மலைமீது மான்செஸ்டர் தொழிலாளர்கள் தடையை மீறி ஏறினார்கள். ஐவர் சிறை சென்றனர். 1949-இல் நாட்டுப்புறத்தில் நடமாட வழிசெய்யும் சட்டம் வந்தது.

நமக்கு அப்படித் தடை இல்லை. கிழக்குக் கிட்வாய் நகரிலேயே தரியா கான் கல்லறை இருக்கிறது. 1936-இல், கைர்பூர் கிராமத்தாரை அப்புறப்படுத்தி வெள்ளையர் அமைத்த லோதி தோட்டமும் அருகில்தான், கட்டணம் கிடையாது. ஆனால், "அது பெரிய மனிதர்களுக்கு" என்று நாமே வேலி போட்டுக்கொள்கிறோம்.

வீட்டு வேலைக்குப் போகும் நம் சகோதரிகள் பலருக்கோ வார விடுப்பே இல்லை. முதலில் அதைக் கேட்டுப் பெறுவோம். பிறகு ஞாயிறுதோறும் பிள்ளைகளோடு நடப்போம். சுல்தான் பெயர் மட்டும் போதாது. கல் சுமந்த கூலிகளையும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்போம்.