மொட்டை மாடியில ஒரு குட்டிக் குளம்!

செமஸ்டர் முடிஞ்சாச்சு. அழுக்குத் துணி மூட்டையோட ஹாஸ்டல்ல இருந்து வீட்டுக்கும் வந்தாச்சு. இனி மத்தியானம் வரைக்கும் தூக்கம், அப்புறம் அம்மாகிட்ட அர்ச்சனை. இதுக்கு நடுவுல, 'மாடியில மீன் வளர்க்கலாமா?'ன்னு ஒரு ஆசை எட்டிப் பார்க்குமே... அதைப் பற்றித்தான் இந்த வாரம்.

செகண்ட் இயர் லீவில் எனக்கும் அந்த ஆசை வந்தது. வண்ண மீன் என்றால் சென்னையில் கொளத்தூர்தானே! அங்கே போய் 30 கப்பி வாங்கி வந்து, மாடியில் கிடந்த பழைய சிமென்ட் தொட்டியில் விட்டேன். 'வெயில் ஊரு மீன்தானே, வெயில் என்ன பண்ணும்?' என்று தெனாவட்டு வேறு. அக்னி நட்சத்திரம் ஆரம்பித்த வாரம், ஒரு நாள் விடிகாலையில் போய்ப் பார்த்தால் 22 மீன்கள் செத்து மிதக்கின்றன. பாக்கி எட்டும் தண்ணீருக்கு மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

கவனிங்க பாஸ்... செத்தது உச்சி வெயில்ல இல்லை, விடிகாலையில!

தண்ணீர் சூடாக ஆக, அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 35 டிகிரியில் அது 7-க்கு இறங்கிவிடும். ஆனால், சூடு ஏறினால் மீனுக்கு ஆக்சிஜன் தேவை கூடும். வரவு கம்மி, செலவு ஜாஸ்தி... மாசக் கடைசி பர்ஸ் மாதிரி! போதாததற்கு என் தொட்டி முழுக்கப் பச்சைப் பாசி. பகலில் ஆக்சிஜன் தருகிற அதே பாசி, ராத்திரி அதை எடுத்துக்கொள்ளும். மிச்சம் விழும் தீனி அழுகுவதற்கும் ஆக்சிஜன் வேண்டும். ஆக, விடியும் நேரத்தில்தான் தொட்டியில் ஆக்சிஜன் ரொம்பக் குறைவு. பாசமா அள்ளி அள்ளித் தீனி போட்ட நானும் கொலையில் கூட்டாளி!

சரி, நீங்க எப்படிப் பண்ணணும்?

இடம்: ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 300 லிட்டர் தொட்டி என்றால் 300 கிலோவுக்கு மேலே! மாடி தாங்குமா என்று இன்ஜினீயரைக் கேட்காமல் வைக்காதீங்க. வாசலில் மர நிழல் இருந்தால் அதுதான் பெஸ்ட். காலை வெயில் மட்டும் போதும். பாதித் தொட்டியைப் பச்சை வலையால் மூடுங்க. காக்கா, பூனை தொல்லைக்கு மீதிக்கும் ஒரு சாதா வலை. ஆழம் ஒன்றரை அடியாவது இருக்கட்டும். புது சிமென்ட் தொட்டியா? சுண்ணாம்பு இறங்கும். ரெண்டு மூணு வாரம் தண்ணீரை நிரப்பி நிரப்பி மாற்றிய பிறகே மீன்.

தண்ணீர்: குளோரின் வாசனை அடிக்கும் குழாய்த் தண்ணீரை வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்து ஊற்றுங்க. மத்தியானம் மாடி டேங்க் குழாயைத் திறந்துவிட்டால், மீன் குழம்புதான்! ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும், உப்பு தங்கிவிடும். அதனால் குறைந்ததை ஊற்றினால் மட்டும் போதாது. வாரம் ஒரு முறை ஐந்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் புதுசு ஊற்றணும். எடுத்த தண்ணீர் செடிகளுக்கு விருந்து.

மீன்: கப்பி, மோலி, பிளாட்டி... ஆரம்பத்துக்கு இதுங்க போதும். கப்பி கொசுப்புழுவைத் தின்னும் என்பது போனஸ். கோல்டு ஃபிஷ் குளிர்ந்த தண்ணீர் ஆசாமி. மே மாத மாடி வேண்டாம். தீனி, ரெண்டு நிமிஷத்தில் தின்று முடிக்கிற அளவுக்கு மட்டும். ராத்திரியில் ஏர் பம்ப் ஓடட்டும். கரன்ட் கட்டா? மக்கில் தண்ணீரை மொண்டு, உயரத்தில் இருந்து திரும்பத் திரும்ப ஊற்றுங்க.

லீவு முடிந்ததும்தான் நிஜமான பரீட்சை. 'பாவம், உயிரோடு இருக்கட்டும்'னு பக்கத்து ஏரியில் விட்டுடாதீங்க, ப்ளீஸ்! 'டேங்க் கிளீனர்' என்று விரல் நீளத்தில் வாங்குகிற தென் அமெரிக்க மீன், ஓர் அடிக்கு மேல் வளரும். இப்படி வெளியே போன மீன்கள் பெருகி, இன்று தமிழக ஏரிகளில் வலையைக் கிழிக்கின்றன. நம்ம ஊர் மீன்களோடு இரைக்குப் போட்டி போடுகின்றன. நஷ்டம், அந்த ஏரியை நம்பி வலை வீசுகிறவருக்கு. வளர்க்க முடியலையா? நண்பருக்குக் கொடுங்க, கடையில் திருப்பிக் கேட்டுப் பாருங்க.

என் எட்டு மீன்கள் என்ன ஆச்சுங்கிறீங்களா? 'இதையெல்லாம் யாரு பார்க்கிறது?'ன்னு திட்டின அம்மா கைக்குப் போனது. கப்பி ஏறக்குறைய மாதம் ஒரு முறை குட்டி போடும். தீபாவளிக்கு நான் வந்தபோது எண்ண முடியவில்லை. இப்பவும் போன் பண்ணினா, 'சாப்பிட்டியா?'வுக்கு அடுத்த கேள்வியே இல்லை, மீன் நியூஸ்தான்!

தொட்டி வைத்தாச்சுன்னா, நாளைக்கு ஒரு நாள் மட்டும் 5 மணிக்கு அலாரம் வைங்க. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்குதா, அடியில ஜாலியா சுத்துதா? அது சொல்லிடும், நீங்க பாஸா ஃபெயிலான்னு!