இன்ஜின் விளக்கு எரிந்தால் எந்த மெக்கானிக்?

பௌர்ணமி கிரிவலத்துக்காக சென்னையிலிருந்து சுமார் 190 கிலோமீட்டர் காரில் வருகிறது ஒரு குடும்பம். திருவண்ணாமலையை நெருங்கும்போது டேஷ்போர்டில் மஞ்சள் இன்ஜின் விளக்கு எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். வழியில் உள்ள சின்ன பட்டறையில் காட்டலாமா? கம்பெனி சர்வீஸ் சென்டரைத் தேடி அலைய வேண்டுமா?

விளக்கு விட்டு விட்டு மின்னினால் உடனே வண்டியை ஓரம் கட்டிவிடுங்கள். சீராக எரிந்தால், வண்டியும் வழக்கம்போல் ஓடினால், பதற்றம் வேண்டாம். பக்கத்துப் பட்டறையிலேயே காரணம் தெரிந்துவிடலாம்.

2013-க்குப் பிறகு தயாரான பெரும்பாலான கார்களில் ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட ஓபிடி சாக்கெட் இருக்கும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ப்ளூடூத் கருவியை அதில் செருகினால், எர்ரர் கோட் செல்போனிலேயே தெரியும். ஆனால் ஏர்பேக், ஏபிஎஸ் கோளாறுகளைப் பார்க்கவும், புதிய சாவியைப் பதிவு செய்யவும் விலை கூடிய ஸ்கேனரும், பல சமயம் கம்பெனி சாஃப்ட்வேரும் தேவை. சின்ன பட்டறைகள் தடுமாறுவது இங்கேதான். கைத்தொழில் தெரிந்தும், கருவி இல்லாததால் வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது.

இதில் சட்டம் அவர்கள் பக்கம் பேசியிருக்கிறது. உதிரி பாகங்களும் பரிசோதனைக் கருவிகளும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் தடுத்ததாக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வெளியில் பழுது பார்த்தாலே வாரன்டி ரத்து என்று பொத்தாம்பொதுவாக நிபந்தனை போடக் கூடாது என்றும் உத்தரவிட்டது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுபார்க்கும் உரிமை' இணையதளத்தைத் தொடங்கியது.

ஆனால் கருவி மட்டும் போதாது. 'பி0171' என்று கோட் வந்தால், இன்ஜினில் பெட்ரோலின் அளவுக்குத் தேவையானதை விடக் காற்று அதிகம் என்று பொருள். உடனே ஆக்ஸிஜன் சென்ஸரை மாற்றினால் ஆயிரக்கணக்கில் செலவு. காரணம் விரிசல் விட்ட ஒரு ரப்பர் ஹோஸாகக்கூட இருக்கலாம். கோட், கோளாறு எந்தப் பக்கம் என்று காட்டும். எந்தப் பாகம் என்று கண்டுபிடிப்பது மெக்கானிக்கின் அனுபவம்.

எனவே பாகத்தை மாற்றச் சம்மதிக்கும் முன், கோட் எண்ணை எழுதி வாங்குங்கள். எதைச் சோதித்து இந்த முடிவுக்கு வந்தார் என்றும் கேளுங்கள். கோடை அழித்தால் விளக்கு அணையும், கோளாறு போகாது. பொறுமையாகப் பதில் சொல்பவர் சின்ன பட்டறைக்காரர் என்றாலும், நம்பி வண்டியைக் கொடுக்கலாம்.