இடிப்பதற்கு முன் ஒரு படம்

உக்ரைனில், செர்னோபில் அணுமின் நிலையத்தை ஒட்டிய பிரிப்யாத் நகரில் 3-ஆம் எண் பள்ளி இருக்கிறது. அதன் உணவுக்கூடத் தரை முழுக்கக் குழந்தைகளுக்கான வாயுக் கவசங்கள் குவிந்து கிடக்கும். செர்னோபில் என்று இணையத்தில் தேடினால் முதல் வரிசையில் வந்து நிற்கும் படங்களில் அதுவும் ஒன்று. பார்த்தவுடன் மனத்தில் ஒரு கதை தானாக ஓடிவிடுகிறது: அணு உலை வெடித்தது, பிள்ளைகள் கவசத்தை மாட்டிக்கொண்டு ஓடினார்கள், ஓடும் வழியில் கழற்றி எறிந்தார்கள்.

அந்தக் கதையில் உண்மை இல்லை. பனிப்போர்க் காலத்தில் குடிமைப் பாதுகாப்புக்கென்று சோவியத் பள்ளிகளில் இருப்பு வைத்த கவசங்கள் அவை. 1986 ஏப்ரல் 26 அதிகாலையில் உலை வெடித்தது. மறுநாள் பிற்பகல் நகரத்தில் இருந்த ஏறத்தாழ 49,000 பேரைப் பேருந்துகளில் ஏற்றி வெளியே கொண்டுபோனார்கள். அந்த வெளியேற்றத்துக்கும் இந்தக் குவியலுக்கும் தொடர்பில்லை. பிற்காலத்தில் திருட வந்தவர்கள் கவசப் பெட்டிகளை உடைத்துக் கொட்டிவிட்டுப் போனார்கள். வடிகட்டிகளில் உள்ள சிறிதளவு வெள்ளிக்காக என்பது அங்கே வழிகாட்டிகள் சொல்லிவந்த காரணம். அவர்களுக்குப் பிறகு கேமராவோடு வந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. நாற்காலியில் பொம்மையை உட்கார வைத்து, அதன் முகத்தில் கவசத்தை மாட்டி, சன்னல் வெளிச்சம் விழும் பக்கமாகத் திருப்பி வைத்தார்கள். அடுத்து வந்தவர் அதைப் 'பேரழிவின் சாட்சி' என்று படம் பிடித்தார்.

கைவிடப்பட்ட கட்டடங்களுக்குள் நுழைந்து படமெடுப்பது உலகெங்கும் பரவிவிட்ட பொழுதுபோக்கு. ஆலை, மருத்துவமனை, சிறைச்சாலை என்று எல்லாமே அதில் அடங்கும் என்றாலும், பள்ளிக்கூடத்துக்கு ஒரு தனி ஈர்ப்பு உண்டு. படம் பார்க்கும் எவருக்கும் பெஞ்சும் கரும்பலகையும் தெரிந்தவை. அதனால் பார்த்த கணத்திலேயே நெஞ்சு கனத்துவிடும். இந்த வசதிதான் படமெடுப்பவரைச் சோம்பேறி ஆக்குகிறது. பள்ளியின் பெயர் என்ன, எப்போது மூடினார்கள், ஏன் மூடினார்கள் என்று எதுவும் சொல்லாமலே கண்ணீரை வாங்கிவிட முடிகிறது.

இதற்கு டெட்ராய்ட் நகரைவிட நல்ல உதாரணம் கிடையாது. 1950-இல் 18 லட்சத்துக்கும் மேல் மக்கள் வாழ்ந்த அமெரிக்க நகரம் அது. 2010-இல் எஞ்சியவர்கள் ஏறத்தாழ 7 லட்சம். கார்த் தொழிற்சாலைகள் இடம் மாறின, வெள்ளையர் புறநகருக்குப் போனார்கள், 1990-களில் வந்த, பொதுப் பணத்தில் தனி நிர்வாகத்தில் நடக்கும் சார்ட்டர் பள்ளிகள் எஞ்சிய மாணவர்களையும் இழுத்துக்கொண்டன. 1960-களில் ஏறத்தாழ 3 லட்சம் பிள்ளைகள் படித்த அரசுப் பள்ளி அமைப்பு சுருங்கிச் சுருங்கி, 2000-க்குப் பிந்தைய பதினைந்து ஆண்டுகளில் மட்டும் ஏறத்தாழ 200 பள்ளிகளை மூடியது. மூடிய கட்டடத்துக்குக் காவல் போடப் பணம் இல்லை. முதலில் பழைய இரும்புக்காரர்கள் வந்து செம்புக் குழாயையும் வெப்பமூட்டிகளையும் பெயர்த்தார்கள். பெயர்த்த இடத்தில் தண்ணீர் கொட்டியது. குளிர்காலத்தில் அது நிலவறையில் உறைந்தது, சுவர் வெடித்தது. மேசைகளும் நூலகப் புத்தகங்களும், சில இடங்களில் மாணவர் பதிவேடுகளும்கூட, போட்டது போட்டபடி கிடந்தன.

கேமராக்கள் வந்தது இதற்குப் பிறகுதான். இவ் மார்ஷாந், ரொமேன் மெஃப்ர் என்ற பிரெஞ்சு இளைஞர் இருவர் 2005 முதல் படமெடுத்து 2010-இல் 'டெட்ராய்ட்டின் இடிபாடுகள்' என்ற பெரிய நூலை வெளியிட்டார்கள். அதே ஆண்டில் அமெரிக்கரான ஆண்ட்ரூ மூரின் படநூலும் வந்தது. காஸ் டெக்னிக்கல் உயர்நிலைப் பள்ளியில் முகப்பு உருகி வழிந்து நிற்கும் சுவர்க் கடிகாரம் மூரின் புகழ்பெற்ற படம். ஓவியர் டாலியின் உருகும் கடிகார ஓவியம் உயிர்பெற்று வந்ததுபோல இருக்கும் அதை அழகில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் டெட்ராய்ட்காரர்கள் எரிச்சலோடு கேட்ட கேள்வியும் நியாயமானதே: இந்த ஊரில் இன்னும் 7 லட்சம் பேர் இருக்கிறோமே, உங்கள் படங்களில் ஒருவரைக்கூடக் காணோமே?

இந்த வேட்டையின் மிகக் கசப்பான அத்தியாயம் அந்நகரப் பள்ளிகளின் பழைய புத்தகக் கிடங்கில் நடந்தது. 1987-இல் தீப்பிடித்த பின் கைவிடப்பட்ட கட்டடம் அது. மட்கிய பாடப்புத்தகங்களின் மேல் மரக்கன்றுகள் முளைத்து நிற்கும் படங்கள் அங்கே எடுத்தவைதான். 2009 ஜனவரியில் அதன் நிலவறையில் உறைந்த நீரின்மேல் இளைஞர்கள் சிலர் ஹாக்கி ஆடினார்கள். லிஃப்ட் குழியில், பனிக்கட்டியிலிருந்து ஒரு மனிதனின் கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பார்த்தவர்கள் உடனே போலீசுக்குப் போகவில்லை. தகவல் 'டெட்ராய்ட் நியூஸ்' நாளிதழின் செய்தியாளர் ஒருவரிடம்தான் போய்ச் சேர்ந்தது. இறந்தவர் வீடற்ற ஒருவர். படத்தைத் தவிர வேறெதையும் எடுக்கக் கூடாது என்பது இந்தப் பொழுதுபோக்கில் ஈடுபடுவோர் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் விதி. நல்ல விதிதான். ஆனால் கண்ணில் பட்டதற்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று அந்த விதியில் எங்கும் இல்லை.

கேமராவைக் குற்றம் சொல்லி என்ன பயன்? அதே காஸ் டெக்னிக்கல் பள்ளியில் வேறு விதமாகவும் படம் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். 1922-இல் எட்டு மாடியாக எழுந்த பள்ளி அது. பாடகி டயானா ராஸ், ஜாஸ் இசைக்கலைஞர்கள் ரான் கார்ட்டர், டொரத்தி ஆஷ்பி எல்லாரும் அங்கே படித்தவர்கள். 2005-இல் பக்கத்திலேயே புதுக் கட்டடம் வந்ததும் பழையதைக் காலி செய்து, 2011-இல் இடித்தார்கள். அதற்குள் 'டெட்ராய்ட்அர்பெக்ஸ்' என்ற உள்ளூர்க் குழு ஒரு வேலை செய்தது. பள்ளியின் பழைய படங்களை எடுத்துக்கொண்டு, அவை எந்த இடத்தில், எந்தக் கோணத்தில் பிடிக்கப்பட்டவை என்று தேடிப் போய், அதே இடத்தில் புதுப் படம் எடுத்து இரண்டையும் ஒன்றாக இணைத்தது. லாக்கர்கள் முன்னால் சிரித்தபடி நிற்கிறார்கள் பிள்ளைகள். அவர்களைச் சுற்றிச் சுண்ணாம்பு உதிர்ந்து கிடக்கிறது. ஊர் தெரியாதவருக்கு இப்படியொரு யோசனையே வந்திருக்காது. உருகிய கடிகாரத்தைவிட இந்தப் படங்கள் பல மடங்கு மேல். அழிந்தது கட்டடம் மட்டுமா, அதில் யார் நடமாடினார்கள் என்று இவை கேட்க வைக்கின்றன.

ஜப்பான் இன்னொரு வழி காட்டுகிறது. பிறப்பு விகிதம் சரிந்து, 2002 முதல் 2020 வரை அங்கே 8,580 அரசுப் பள்ளிகள் மூடப்பட்டன. மூடும் நாளில் விழா எடுப்பதும், பழைய மாணவர்களைக் கூப்பிடுவதும், பள்ளியின் வரலாற்றைப் படங்களோடு நினைவு மலராக அச்சிடுவதும் வழக்கம். அதன் பின் கட்டடத்துக்கு வேறு வேலை தேடுகிறார்கள். எஞ்சி நிற்கும் கட்டடங்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஏதோ ஒரு பயன்பாட்டில் உள்ளது. கொச்சி மாகாணத்தின் முரோட்டோ ஊரில் 2006-இல் மூடிய ஒரு தொடக்கப் பள்ளி 2018-இல் மீன் காட்சியகமாகத் திறந்தது. உள்ளூர் மீனவர் வலையில் சிக்கிய ஆமைகளும் சுறாக்களும் பள்ளியின் பழைய நீச்சல் குளத்தில் நீந்துகின்றன.

தமிழ்நாட்டில் இடிபாட்டுப் படம் என்றால் தனுஷ்கோடிதான். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலில் ஊரே போனது. தேவாலயம், ரயில் நிலையம், பள்ளிக்கூடம் எல்லாம் மொட்டைச் சுவர்களாக நின்றன. இன்று கல்யாண ஜோடிகள் அங்கே வந்து பட்டும் பூவுமாக நின்று படமெடுத்துக்கொள்கிறார்கள். அதைத் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் நூற்றுக்கும் மேற்பட்டோரோடு ஒரு ரயிலைக் கடல் விழுங்கிய இடம் அது என்பதும், மீனவக் குடும்பங்கள் இன்றும் பக்கத்திலேயே குடிசை போட்டு வாழ்கின்றன என்பதும் எத்தனை படங்களின் கீழே எழுதப்பட்டிருக்கிறது?

தனுஷ்கோடிச் சுவர்களையாவது நாள்தோறும் யாரோ படமெடுக்கிறார்கள். ஊர்ப்புறத்துப் பழைய அரசுப் பள்ளிகளைச் சீண்டுவார் இல்லை. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன் பின் மாநிலம் முழுக்கப் பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்க உத்தரவு பிறந்தது. இடித்ததில் தவறே இல்லை. பிள்ளைகள் தலைக்குமேல் விரிசல் விட்ட கூரையை வைத்துக்கொண்டு பழமை பேசுவது அறிவீனம். இன்னொரு பக்கம், மாணவர் ஒருவர்கூடச் சேராத பள்ளிகளை நூலகமாக மாற்றப்போவதாக 2019-இல் அரசு அறிவித்தது. இரண்டு வகையிலும் பழைய வகுப்பறைகள் ஒவ்வொன்றாக மறைகின்றன.

அவற்றோடு என்ன போகிறது என்பதை யோசிக்க வேண்டும். காமராஜர் ஆட்சியில், 1950-களின் பிற்பகுதியில், பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்மக்களே இடமும் கட்டடமும் மேசை நாற்காலியும் வாங்கிக் கொடுத்தார்கள். எவர் எவ்வளவு கொடுத்தார் என்ற கல்வெட்டுகள் பல பழைய பள்ளிகளின் சுவரில் பதிந்திருக்கும். ஜேசிபி வந்தால் கல்வெட்டும் செங்கலும் ஒரே லாரியில் ஏறும். சுவரில் பெயின்ட்டால் எழுதிய குறளும், கரும்பலகையின் ஓரத்தில் பதிவு, வருகை என்று எண் எழுதக் கட்டம் கட்டிய மூலையும் அப்படியே போகும். சொந்த ஊரின் கல்வி எப்படி வந்தது என்பதற்குச் சில கிராமங்களில் அந்தக் கல் ஒன்றுதான் எழுத்துச் சான்றாக எஞ்சியிருக்கும்.

எனவே இங்கே சுவர் ஏறிக் குதித்து, தரை பெயர்ந்த அறையில் உயிரைப் பணயம் வைக்கும் சாகசம் தேவையில்லை. இடிக்கத் தேதி குறித்த பள்ளியில் தலைமையாசிரியர் பகல் வெளிச்சத்தில், பாதுகாப்பான தூரத்தில், அனுமதியோடு, படமெடுக்க ஒருவரை நிறுத்தினால் ஒரே நாளில் முடிகிற வேலை இது. செல்பேசி கேமராவே போதும். முன்னாள் மாணவர் சங்கம் இருந்தால் அவர்கள் வீட்டில் கிடக்கும் குரூப் போட்டோக்களையும் வாங்கிச் சேர்க்கலாம். இடிப்பு உத்தரவோடு படப்பதிவையும் கட்டாயமாக்க மாநிலக் கல்வித் துறைக்கு ஒரு சுற்றறிக்கை போதும். தொகுப்பின் ஒரு பிரதி புதுக் கட்டடத்துக்கும் இன்னொன்று மாவட்ட மைய நூலகத்துக்கும் போகட்டும். ஒவ்வொரு படத்தின் கீழும் பள்ளியின் பெயர், ஊர், எடுத்த தேதி, கட்டடத்தை இடிக்கும் காரணம் ஆகிய நான்கையும் மறக்காமல் எழுதிவிடுங்கள்.