அதிமதுரத் துப்பாக்கி

கணவனும் மனைவியும் சண்டையிட்டுப் பின் கூடிக்கொள்வதைக் கண்டு சிரித்துவிட்டு வீடு திரும்பத்தான் ஹொலிவூட் நம்மை அழைக்கிறது. சிரிப்போடு நமக்குப் பகையில்லை. ஆனால், 1949இல் ஜோர்ஜ் கியூக்கர் நெறிப்படுத்திய ‘அடம்ஸ் ரிப்’ படத்தைப் பெண் சமத்துவத்தின் சாசனமென இன்றும் போற்றுவோரிடம் நாம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது: டோரிஸ் எங்கே?

டோரிஸ் அற்றிங்கர் மூன்று பிள்ளைகளின் தாய். வீடு திரும்பாத கணவனைப் பின்தொடர்ந்து சென்று, காதலியோடு அவனைக் கண்டு சுடுகிறாள். (சுடத் தெரியாதவள், விளக்கப் பிரசுரத்தைப் படித்துச் சுடுகிறாள்!) அவன் சாகவில்லை. அவள்மீது வழக்கை நடத்துபவன் உதவி அரசாங்க வழக்கறிஞன் அடம். அவளுக்காக வாதாடுபவள் அவன் மனைவி அமண்டா. நடித்தோர் ஸ்பென்ஸர் ட்ரேஸியும் கதரின் ஹெப்பேர்ணும். எழுதியவர்களும் ரூத் கோர்டன், கார்சன் கானின் என்ற தம்பதியரே.

அமண்டாவின் வாதத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. இதே செயலை ஆணொருவன் செய்திருந்தால், மானங் காத்தவனென்று அவனுக்காக இரங்கும் சமூகம் பெண்ணை மட்டும் ஏன் தண்டிக்க வேண்டும்? இவளை ஆணாக எண்ணிப் பாருங்களென யூரர்களைக் கேட்கிறாள், வெல்கிறாள்.

படம் அத்துடன் முடிந்திருந்தால் நாமும் கைதட்டியிருப்போம். தோற்றுப்போன அடம், அமண்டா அயலானொருவனுடன் இருக்குமிடத்தில் துப்பாக்கியோடு நுழைகிறான். ‘உனக்கு உரிமையில்லை’ என்று அவள் வாயாலேயே சொல்லவைத்துவிட்டு, துப்பாக்கியைக் கடித்துத் தின்கிறான். அது அதிமதுர மிட்டாய்! அரங்கம் சிரிக்கிறது, வென்ற வழக்குத் தலைகீழாகிறது. கைவிடப்படவிருந்த தாயின் துப்பாக்கியையும், பதவியும் பண்ணைவீடும் படைத்தவனின் மிட்டாயையும் ஒரே தராசிலிடுவது எந்த ஊர் நியாயம்? போதாக்குறைக்கு, அமண்டாவின் மனத்தை இளக்கிய அவனது கண்ணீரும் வேண்டியபோது வரவழைக்கத்தக்கதே என்று இறுதியில் அவனே நடித்துக் காட்டுகிறான். அதற்கும் சிரிப்பு.

அப்போது தம்பதியரின் பேச்சு நீதிபதிப் பதவிக்கான தேர்தலைப் பற்றியது. டோரிஸின் பெயர் அங்கில்லை. விடுதலையான பின் அவள் எவ்வாறு பிழைத்தாள் என்பதில் இருவர்க்கும் அக்கறையில்லை. அவர்களது ஊடலுக்கு விறகாக எரிந்ததோடு அவள் வேலை முடிந்தது.

இத்தனைக்கும், படத்தின் மிகச் சிறந்த காட்சி அவளுடையது. அமண்டா அவளை விசாரிக்கிறாள். கமரா நெடுநேரம் வெட்டின்றி ஜூடி ஹொலிடேயையே பார்த்திருக்கிறது. சுட்டபின் எவ்வாறு உணர்ந்தாய் என்ற வினாவுக்கு, பசித்தது என்கிறாள் டோரிஸ்.